கிழிந்த ஜவ்வும் நெசவு ஊர்களும்

அக்ரிங்டனில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் குறைவு. வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், சரிவான தெருக்களும் சிவப்புச் செங்கல் வீடுகளுமாக ஒரு சிறிய ஊர். ரயில் நிலையத்திலிருந்து இறங்கினால் ஊருக்கு மேலே ரயில் பாலத்தின் கல் வளைவுகள் வரிசையாகத் தெரிகின்றன. கால்பந்து பார்ப்பவர்களுக்கு அக்ரிங்டன் ஸ்டான்லி என்ற அணியின் பெயர் தெரிந்திருக்கும். ஒரே நேரத்தில் பல நூல்களைத் திரித்த ஸ்பின்னிங் ஜென்னியை உருவாக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ், பக்கத்து ஊரான ஆஸ்வால்ட்விசிலைச் சேர்ந்தவர். அதற்கும் மேலாக, இன்று உலகம் அதிகமாக உடுத்தும் நூல் பிறந்ததும் இங்கேதான்.

1941. போர்க்காலம். துணியில் அச்சடிக்கும் ஆலைகள் பல சேர்ந்து அமைத்த காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற கூட்டு நிறுவனத்துக்கு இந்த ஊரில் ஓர் ஆய்வகம் இருந்தது. அதில் வேலை பார்த்த ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டெனன்ட் டிக்சனும் டெரப்தாலிக் அமிலத்தையும் எத்திலீன் கிளைக்காலையும் சேர்த்துச் சூடாக்கி, அதிலிருந்து ஓர் இழையை இழுத்தார்கள். அந்தப் பாலியஸ்டர் இழைக்கு டெரிலீன் என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் அதையே டேக்ரான் என்றார்கள். நம் வீடுகளில் ஒரு தலைமுறை கல்யாணத்துக்கும் இன்டர்வியூவுக்கும் போட்டுக்கொண்டு போன டெரிலின், டெரிகாட்டன் சட்டைகளின் ஊற்றுக்கண் இதுதான்.

சட்டையோடு அது நிற்கவில்லை. 1950களில் ஹூஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, ரத்தக்குழாய்க்கு மாற்றுக் குழாய் செய்யத் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் இருக்கிறது என்றார்களாம். அதை வாங்கி வந்து தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்துக்கொண்டார். அப்படி உடலுக்குள் போன பாலியஸ்டர், முப்பது வருஷம் கழித்து முழங்கால் மூட்டுக்குள்ளும், அதன்பின் தோளுக்கும் குதிகாலுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வேலை நடந்த ஊர் லீட்ஸ். அக்ரிங்டனிலிருந்து அங்கே நேராக ரயில் போகிறது. நூல் பிறந்த ஊரிலிருந்து அது நாணாக மாறிய ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

ரயில் பர்ன்லியைத் தாண்டியதும் பென்னைன் மலைத்தொடருக்குள் நுழைகிறது. மலை என்று சொன்னாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமோ அடர்த்தியோ கிடையாது. மரமில்லாத பழுப்புநிற மேடுகள், கருங்கல் வேலிகள், வேலிக்குள் ஆடுகள். மேற்கே லங்காஷயர் பருத்தி நாடு. கிழக்கே யார்க்ஷயர் கம்பளி நாடு. பள்ளத்தாக்குகளில் ஆற்றோரமாக ஆலைகளின் புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. புகைதான் இல்லை.

நம் ஊரில் யாருக்காவது கையைத் தூக்க முடியாமல் போய், ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று டாக்டர் சொன்னதாக வந்து சொல்வார்கள். கிழிந்தது பெரும்பாலும் தசைநாண்: தசையை எலும்போடு கட்டும் வெண்ணிறக் கயிறு. தோளில் நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து கை எலும்பின் தலையைக் கவிந்து பிடித்திருக்கின்றன. மருத்துவர்கள் ரொட்டேட்டர் கஃப் என்பது இதைத்தான். எலும்பையும் எலும்பையும் கட்டும் லிகமென்ட்டும் இதே சரக்கால் ஆனதுதான். அந்தச் சரக்கின் பெயர் கொலாஜன். கொலாஜன் மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண் என்று அடுக்கடுக்காகப் போகிறது. இழைகள் தளர்ந்திருக்கும்போது லேசாக நெளிந்து கிடக்கும். இழுக்கும்போது முதலில் நெளிவு நிமிரும், பிறகுதான் பாரம் ஏறும்.

இந்தக் கயிற்றில் ஒரு சங்கடம் உண்டு. அதில் செல்கள் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு முறிந்தால் எலும்பாகவே கூடும். நாண் கிழிந்தால் தழும்பாகத்தான் கூடும். தழும்பில் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும், பழைய வலு வராது. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2013இல் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சியைக் கொண்டுவந்தார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. அந்தந்த வருஷம் உடலில் உருவான திசுவில் அந்த வருஷத்து அளவு பதிந்திருக்கும். குதிகால் நாணின் நடுப்பகுதியை எடுத்து அளந்தால், அது அந்த மனிதரின் பதினேழு வயதுவாக்கில் உருவானதாகவே காட்டியது. அதற்குப் பிறகு அங்கே புதுப்பிப்பு என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. அறுபது வயதிலும் நாம் நடப்பது பள்ளிக்கூட நாளில் முறுக்கிய கயிற்றை வைத்துத்தான்.

கிழிந்தால் தைக்கலாமே என்று தோன்றும். தைக்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தோள் நாணில் பெரிய கிழிசல் உள்ள 18 பேருக்குச் சிறு துளைகள் வழியே (ஆர்த்ராஸ்கோப்பி) தைத்து, பிறகு அல்ட்ராசவுண்டில் பார்த்தது. 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. சிறிய கிழிசல்களில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனால் பெரிய கிழிசலில் தையல் நூல் வலுவாகவே இருக்கிறது. அது பிடித்திருக்கும் திசுதான் அறுந்து வருகிறது. நைந்த துணியில் புது நூலால் தைத்தால் என்ன ஆகுமோ அதுதான். அதனால்தான் தைத்த இடத்தின் மேல் ஒட்டு போடலாமா, அறுந்த நாணுக்குப் பதிலாக வேறு நாண் வைக்கலாமா என்ற கேள்விகள் வந்தன. எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

வழியில் ஹாலிஃபாக்ஸில் இறங்கினேன். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பீஸ் ஹால். 1779இல் திறந்த கம்பளித் துணிச் சந்தை. நடுவே பெரிய திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசைகளோடு 315 அறைகள். மலைக் கிராமங்களில் கைத்தறியில் நெய்தவர்கள் தங்கள் துணிகளைக் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். இன்று அந்த அறைகளில் காபிக் கடைகளும் பரிசுப்பொருள் கடைகளும். மறுபடி ரயில் ஏறினால் பிராட்ஃபோர்டு. அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வந்த வழியே பின்பக்கமாகக் கிளம்பித்தான் லீட்ஸுக்குப் போகவேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அசையாமல் பின்னல் வேலையைத் தொடர்ந்தார். எனக்குத்தான் சட்டென்று திசை குழம்பியது.

லீட்ஸில் முதலில் பார்த்தது ஆர்ம்லி மில்ஸ். ஏர் ஆற்றுக்கும் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய்க்கும் இடையே நிற்கும் கல் கட்டடம். 1805இல் தீப்பிடித்த பழைய ஆலை இருந்த இடத்தில் பெஞ்சமின் காட் கட்டிய இது, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய கம்பளி ஆலை. இப்போது அருங்காட்சியகம். உள்ளே கனமான மரச் சம்மட்டிகளை வைத்திருக்கிறார்கள். நெய்த கம்பளித் துணியை ஈரத்தோடு தொட்டியில் போட்டு, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் சம்மட்டிகளால் மணிக்கணக்கில் இடிப்பார்களாம். இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கி, காற்றும் மழையும் புகாதபடி இறுகும். எண்ணெய்ப்பசை போகச் சேர்த்த திரவம் வீடு வீடாகச் சேகரித்த மனித மூத்திரம் என்று வழிகாட்டி சொன்னபோது, கூட வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒருமித்து அலறினார்கள்.

இந்த ஊர் நூற்றாண்டுகளாகச் செய்த வேலை துணியின் கண்களை அடைப்பது. அதே ஊரில் செயற்கை நாண் செய்தவர்கள் நேர்மாறாகப் போனார்கள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பஹா சீட்ஹோமும் ஜப்பானின் கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோசுகே ஃபுஜிகாவாவும் சேர்ந்து உருவாக்கிய லீட்ஸ்–கியோ லிகமென்ட் ஒரு பாலியஸ்டர் வலை. வேண்டுமென்றே கண்களை அகலமாக விட்டு நெய்தது. 1982 முதல் முழங்காலுக்குள் வைத்தார்கள். வலையின் கண்கள் வழியே உடலின் சொந்தத் திசு உள்ளே வளர்ந்து வரவேண்டும், எலும்பில் துளையிட்டுச் செருகிய முனைகளில் எலும்பும் வளர்ந்து பற்றிக்கொள்ளவேண்டும் என்பது கணக்கு. அதற்கு முன் கார்டிஃப் நகரில் கார்பன் இழைகளை வைத்துப் பார்த்திருந்தார்கள். அவை உடைந்து கரித்தூளாக மூட்டுக்குள் பரவின.

லீட்ஸ்–கியோ வலையிலும் திசு வளர்ந்தது. கணக்கு பாதி பலித்தது. ஆனால் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் மடங்கி நிமிரும் மூட்டு. எலும்பின் விளிம்பில் உரசி உரசி இழைகள் தேய்ந்தன. சிலருக்குத் தளர்ந்தது, சிலருக்கு அறுந்தது, உதிர்ந்த துணுக்குகளால் மூட்டின் உள்சவ்வு வீங்கியது. இன்னொரு சிக்கல் அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாதது. பாரம் ஏறினால்தான் நாணின் செல்கள் பாரத்தின் திசையில் இழை போடும். விறைப்பான பாலியஸ்டர் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டால், அதற்குள் வளர்ந்த திசுவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத திசு சோம்பிப்போகிறது. முழங்கால் லிகமென்ட்டுக்கு இன்று உலகமெங்கும் பெரும்பாலும் நோயாளியின் சொந்தத் தொடைத் தசைநாணையோ முட்டிச்சில்லு நாணையோ எடுத்துத்தான் வைக்கிறார்கள். பாலியஸ்டர் முற்றாக ஒதுங்கவில்லை. உரசல் குறைந்த இடங்களில், கிழிந்த தோள் நாணுக்கும் குதிகால் நாணுக்கும் துணைப்பட்டையாக, லீட்ஸில் செய்த நெசவு இன்றும் போகிறது.

தேய்ந்து உதிரும் துணுக்கு என்ன செய்யும் என்பது இந்த ஊருக்கு அதற்கு முன்பே தெரியும். தாக்ரே மருத்துவ அருங்காட்சியகம் ஒரு பழைய ஏழையர் விடுதிக் கட்டடத்தில் இருக்கிறது. தாக்ரே என்பது லீட்ஸில் இருந்த அறுவைக் கருவி நிறுவனம். ஜான் சார்ன்லியின் செயற்கை இடுப்பு மூட்டுகளைச் செய்து கொடுத்தது அதுதான். சார்ன்லி முதலில் மூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார். நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு வைத்தபிறகு அது வேகமாகத் தேய்வதும், தூள் சுற்றியுள்ள திசுவைக் கெடுப்பதும் தெரிந்தது. அந்தத் தூளைத் தன் தொடையிலேயே ஊசி போட்டுப் பார்த்து, கட்டி எழும்புவதை உறுதி செய்துகொண்டார். 1962இல் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் இடுப்பு மாற்று சிகிச்சை நிலைத்தது. உடலுக்குள் வைக்கும் பொருளை வைத்த நாளின் வலுவைக் கொண்டு எடைபோட முடியாது. தேயும்போதும் கரையும்போதும் அது என்னவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போனேன். வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கும் பார்க்கின்சன் கட்டடத்தைத் தாண்டினால், லண்டன் துணிக் கைவினைஞர் சங்கத்தின் பணத்தில் எழுந்த பழைய செங்கல் கட்டடங்கள். துணித் தொழிலுக்காகவே வளர்ந்த கல்விக்கூடம் இது. வில்லியம் ஆஸ்ட்பரி 1928இல் இங்கே நெசவு இயற்பியல் விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். கம்பளி ஏன் நீள்கிறது, ஏன் சுருங்குகிறது என்று ஆலைக்காரர்கள் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு, மயிருக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். மடிந்து கிடக்கும் புரதச் சங்கிலி இழுத்தால் நீள்கிறது என்று கண்டார். மடிப்பைப் பிரித்தால் எந்தப் புரதத்தையும் நூலாக்கலாம் என்ற நம்பிக்கையில் நிலக்கடலைப் புரதத்திலிருந்து நூல் எடுக்கும் யோசனையும் பிறந்தது. அந்த நூலில் நெய்த ஓவர்கோட்டை அவரே போட்டுக்கொண்டு திரிந்தார். ஃபுளோரன்ஸ் பெல்லோடு சேர்ந்து 1940இல் கொலாஜனுக்கும் ஓர் அமைப்பை முன்மொழிந்தார். அது தவறாகிப்போனது.

சரியான விடை வந்தது சென்னையிலிருந்து. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜன் இன்னும் தீராத புதிர் என்பதை அங்கே வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் வாயிலாகத் தெரிந்துகொண்டார். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்த பொருள்களில் ஒன்று, கங்காருவின் வால் தசைநாண். 1954இல் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, கொலாஜன் மூன்று சங்கிலிகள் கூடிய அமைப்பு என்றது. அடுத்த ஆண்டே அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றும் முப்புரி என்று திருத்தமாகச் சொன்னார்கள். புரிகளை இணைக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையை அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் திருத்தினார்கள், முப்புரி நிலைத்தது. சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். புரிகள் நெருங்கும் நடுப்பகுதியில் அதற்கு மட்டும்தான் இடம் இருக்கிறது. லீட்ஸ் நெசவுத் துறையின் மாடிப்படியில் நின்றபோது, கம்பளி ஆலையின் கேள்வியில் தொடங்கிய தேடலுக்குக் கிண்டியில் பதில் கிடைத்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

கொலாஜன் எல்லா விலங்குக்கும் ஏறக்குறைய ஒரே முறுக்கு என்றால், விலங்கின் நாணையே எடுத்து வைத்தால் என்ன? லீட்ஸின் ஐலீன் இங்ஹாம், ஜான் ஃபிஷர் குழுவினர் பன்றியின் பின்னங்கால் நாணை எடுத்து, அதிலிருந்த செல்களை மட்டும் சோப்பு போன்ற கரைசல்களால் கழுவி நீக்கும் முறையை வகுத்தார்கள். இழைகளின் அடுக்கு அப்படியே இருக்கும்; குடியிருந்தவர்கள் மட்டும் வெளியேற்றப்படுவார்கள். நோயாளியின் செல்கள் வந்து குடியேறவேண்டும். கழுவுவது ஒப்புக்குச் செய்யும் வேலை இல்லை. பன்றித் திசுவில் உள்ள ஒரு சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் மனிதர் எல்லாருடைய ரத்தத்திலும் உண்டு. இதில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. பன்றிச் சிறுகுடலின் உட்படலத்தை ஒட்டாகத் தோள் நாணில் தைத்தார்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஒட்டு வைத்த 15 பேரில் 4 பேருக்கே ஆறியது. ஒட்டு இல்லாமல் தைத்த 15 பேரில் 9 பேருக்கு ஆறியது. அந்த ஒட்டைச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அதில் பன்றியின் டி.என்.ஏ. மிஞ்சியிருப்பதைக் கண்டார்கள்.

அடுத்து வந்த தலைமுறை இன்னும் அடக்கமானது. மாட்டின் குதிகால் நாணிலிருந்து எடுத்த கொலாஜனைப் பஞ்சுபோல இலேசான தகடாக்கி, தோள் நாணின் மேல் போர்த்துகிறார்கள். பாரம் தாங்குவது அதன் வேலையில்லை. சில மாதங்களில் அது கரைந்துவிடும். அதற்குள் அந்த இடத்தில் புதுத் திசுவைப் படியவைத்துவிட்டுப் போகவேண்டும். அமெரிக்காவில் உருவான இந்த ஒட்டை 2017இல் வாங்கிய ஸ்மித் அண்ட் நெஃப்யூ, 1856இல் இதே யார்க்ஷயரின் ஹல் துறைமுகத்தில் ஒரு மருந்துக்கடையாகத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு, கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிடையாக்சனோன் என்ற பொருளை மின்னழுத்தத்தால் மிக நுண்ணிய இழைகளாக இழுத்து, நாணின் இழைகளைப் போலவே ஒரே திசையில் அடுக்குகிறது. அதே ஊரில் பியர்-அலெக்சிஸ் மூத்தூய் குழுவினர் 2022இல் வெளியிட்ட சோதனை இன்னும் வேடிக்கையானது. மனிதத் தோள் போலவே அசையும் ரோபோவின் தோளில் செல்கள் உள்ள மென்மையான குடுவையைப் பொருத்தி, 14 நாள் அசைத்து வளர்த்தார்கள். நாண் ஆகவேண்டுமானால் இழுபடப் பழகவேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம்.

அக்ரிங்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை சேர்த்துப் பார்த்தால் இந்தத் துறை போன திசை தெரிகிறது. முதலில் அறாத கயிறு தேடினார்கள். பிறகு கண்விட்ட வலை, செல் நீக்கிய நாண், கரைந்து போகும் தகடு. ஒவ்வொரு படியிலும் வைக்கும் பொருளின் பங்கு குறைந்து, உடலின் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்வியைவிட, எப்போது பாரத்தை விட்டுக்கொடுக்கும் என்ற கேள்வி பெரிதாகிவிட்டது. சீக்கிரம் கரைந்தால் தைத்த இடம் பிரியும். தாமதமாகக் கரைந்தால் உள்ளே வளரும் திசு வேலை கற்றுக்கொள்ளாது. அந்த நடுப்பொழுதைப் பிடிப்பதில்தான் திறமை.

பிடித்தாலும் ஓர் இடத்தில் எல்லாரும் இன்னும் தடுமாறுகிறார்கள். நாண் எலும்போடு சேரும் இடம். அங்கே மென்மையான இழை குருத்தெலும்பாகி, அந்தக் குருத்தெலும்பில் சுண்ணம் ஏறி, பிறகு எலும்பாகிறது. இவ்வளவும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள். தோள் நாணைத் திருப்பித் தைத்து ஆறினாலும் இந்தப் படிநிலைகள் திரும்புவதில்லை. இடையில் தழும்புதான் நிரம்புகிறது, மறுபடி கிழிவதும் பெரும்பாலும் அங்கேதான். நூல் நூற்கவும் துணி நெய்யவும் நெய்ததை இறுக்கவும் தளர்த்தவும் இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு நூற்றாண்டுகளாகத் தெரியும். ஒரு முனையில் துணியாகத் தொடங்கி மறுமுனையில் கல்லாக முடியும் ஒரு துண்டை எந்தத் தறியும் இதுவரை நெய்ததில்லை. கிழிந்த தோளுக்குத் தேவைப்படுவது அதுதான்.